மாவுப் பலகைச் சுவர்

14 ஜூலை 1934, சனி

ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள். என் மனைவி பவுனம்மாளை அழைத்துப் போக அவள் அண்ணன் ஜெயவேல் காத்திவாக்கத்திலிருந்து வந்திருந்தான். முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது முறைதானே, அதில் எனக்கு ஒன்றும் இல்லை. குழாயடி வரை கூடப் போனேன். அண்ணன் நாலு அடி முன்னால் போனதும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வூட்ல ஒரு மறைவு பண்ணிட்டு சொல்லி அனுப்புங்க. அப்பதான் வருவேன். இல்லாட்டி ஆவணி பொறந்தாலும் வரமாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. உப்பு வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள். வராமலே இருந்துவிடுவாளோ?

17 ஜூலை, செவ்வாய்

இருப்பது ஒரே அறை. நைனா, அம்மா, தங்கை குணசுந்தரி, நான், இப்போது பவுனு. பெண்கள் புடவை மாற்றும்போது ஆண்கள் வெளியே நிற்பது, அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. போன மாதம் ஒரு நாள் நைனா கடலிலிருந்து சீக்கிரம் திரும்பி, தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டார். பவுனு அப்படியே தரையில் சுருண்டுகொண்டாளாம். நைனா கரைக்குப் போய் வலை மேலேயே உட்கார்ந்திருந்தார், அன்று சாப்பிட வரவில்லை. யார் மேலும் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லையே, அது தப்பு. என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

19 ஜூலை, வியாழன்

கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பது என் உத்தியோகம். இன்று எண்ணியதில் பத்துப் பன்னிரண்டு பலகை மூலை உடைந்து கிடந்தது. பலகை என்று பெயர்தான், மரம் இல்லை. இரண்டு பக்கமும் கெட்டிக் காகிதம், நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மாவு இறுகிக் கிடக்கிறது. ஏதோ கம்பெனி ஆபீசுக்குள் அறை தடுக்க வந்ததாம். உடைந்ததை யாராவது தூக்கிப் போனால் சரி என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார்.

பெட்டி பழுது பார்க்கும் தச்சன் ஜஹாங்கீர் என் தோஸ்து. "மாவுப் பலகை, மாமு. மரத்துக்கு மரம், சொவுத்துக்கு சொவுரு. எட்துகினு போ," என்றான். நாலு நல்லதாகப் பொறுக்கி, சட்டம் அடிக்கப் பெட்டிக்கட்டைகளும் சேர்த்துக் கைவண்டியில் ஏற்றினேன்.

அம்மா வாசலிலேயே மீன்கூடையோடு மறித்தாள். "இன்னாடா இது?"

"நடுவுல ஒரு தடுப்பு."

"நல்லா கீற வூட்ட ரெண்டா அறுக்கப் போறியா?"

பவுனு சொன்னதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

22 ஜூலை, ஞாயிறு

பக்கத்து வீட்டில் ரம்பம் இரவல் வாங்கினேன். விறகு அறுக்கிற ரம்பம், பல் ஒவ்வொன்றும் சுறாப் பல். பலகையை இரண்டு உரல் மேல் குறுக்கே போட்டு அறுத்தேன். காகிதம் கிழிகிறது, மாவு கொட்டுகிறது, கோடு ஒரு பக்கம் போக ரம்பம் ஒரு பக்கம் போகிறது. கடைசி ஒரு சாண் இருக்கும்போது பலகை தன் கனத்திலேயே 'படக்'கென்று ஒடிந்து விழுந்தது. மூலையோடு பெரிய துண்டாகப் பிய்ந்துபோயிற்று.

தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றேன். நைனா வலை பின்னுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். "கட்டுமரம் செதுக்கற வம்சத்துல வந்தவன்டா நீ. பேனா புடிச்ச கை, அதான்."

போச்சு, ஒரு பலகை. மூன்றுதான் மிச்சம்.

24 ஜூலை, செவ்வாய்

ஜஹாங்கீரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். "வெறகு ரம்பத்தையா வச்ச? பொடிப்பல்லு வேணும். நல்ல காகிதம் இருக்கற பக்கம் மேல இருக்கணும். ரம்பத்த படுக்க வச்சி ஓட்டு, அமுக்காத, அது தன் கனத்துலயே போவும். கடைசி சாண் வந்தா அறுபடற துண்ட ஒருத்தர் தாங்கிக்கினே இருக்கணும். தாங்க ஆளில்லன்னா அறுக்கவே அறுக்காத."

பழைய ரம்பம் ஒன்று கொடுத்தான். நல்லதைக் கேட்டதற்கு, "மாவு பல்ல தின்னுடும். தோஸ்துன்னாலும் அத்த தரமாட்டேன்," என்றான். நியாயம்தான்.

29 ஜூலை, ஞாயிறு

சுவர் நின்றுவிட்டது!

குணசுந்தரி தாங்கிக்கொண்டாள், நான் அறுத்தேன். ஒரு துண்டும் ஒடியவில்லை. பெட்டிக்கட்டையில் சட்டம் அடித்து, பலகையைத் தரையோடு தரையாக இறக்கி நிறுத்தினேன். கீழே ஓர் எறும்புகூட நுழையாது. வழிக்கு இப்போதைக்குக் கோணி தொங்குகிறது. அம்மா ஒரு தடவை பார்த்தாள், மீன் விற்கப் போய்விட்டாள். அம்மாவின் புடவை எப்போதும் ஒரு பக்கம் தூக்கியே இருக்கும், கொசுவம் கோணலாக. போகும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நாளை காத்திவாக்கத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

3 ஆகஸ்ட், வெள்ளி

சொல்லி அனுப்ப ஆள் கிடைக்காமல் போனது நல்லதாயிற்று.

ஆடி வெள்ளி. அம்மா வீடு கழுவியிருக்கிறாள். குடம் குடமாக. வேலையிலிருந்து வந்து பார்த்தால் சுவரின் அடி முழுக்க உப்பி, ஊறின அப்பம் மாதிரி விரலோடு வருகிறது. முழங்கால் உயரத்துக்குப் போய்விட்டது.

கத்தினேன். "வேணும்னே ஊத்தினியாம்மா? அவ வரக்கூடாதுன்னு தானே ஊத்தின? சொல்லு!" — தெருவே கேட்டிருக்கும். அம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விற்க மீன்கூட இல்லை. வெறுங்கூடை.

4 ஆகஸ்ட், சனி

அம்மா சோறு மட்டும் போட்டாள்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

குணசுந்தரிதான் காதைப் பிடித்துத் திருகாத குறையாகக் கேட்டாள். "எனக்கு புத்தி தெரிஞ்ச நாளா அம்மா வெள்ளிக்கெழம வூடு கழுவுது. உனக்குத் தெரியாதா? மீன் வூடு, கழுவலன்னா நாறிப்பூடும். காகிதச் சொவுத்த தரையில குந்த வச்சது யாரு? அம்மாவா, நீயா?"

நான்தான். எறும்பு நுழையாது என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன், மேலே பார்த்தால் தெரிகிறது. சே.

7 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மா மீன் உரசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். "தப்பு என் மேலதாம்மா," என்றேன். தலை நிமிரவில்லை. "அவ இன்னா சொல்லிட்டுப் போனா?" என்றாள்.

குழாயடியில் சொன்னதை அப்படியே சொன்னேன். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்கிட்ட நேராவே கேட்டாளா?"

"ம்."

"நா இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இருவத்தெட்டு வருசம். உங்க தாத்தா, உங்க சித்தப்பனுங்க, உங்க நைனா — எந்நேரமும் யாராச்சும் உள்ள வருவாங்க. ஒரு நாளு கூட நின்னுகினு பொடவ கட்னதில்லடா. மூலைல குந்திகினேதான் சுத்திக்குவேன்." மீனைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் உரசினாள். "எனக்கு கேக்கத் தோணல. அவ கேட்டுட்டா."

அவ்வளவுதான் பேச்சு. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன் அந்தக் கோணல் கொசுவத்தை. மீன் விற்கிறவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது யோசித்தேனா?

12 ஆகஸ்ட், ஞாயிறு

பலகையைக் கழற்றி, கெட்டுப்போன அடியை அறுத்து எடுத்தோம். குணசுந்தரி தாங்க வந்ததும் அம்மா அவளை நகர்த்திவிட்டுத் தானே துண்டைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ மேல அறு. ஆடி மட்டுமா? ஐப்பசி மழைக்கி இங்க வரைக்கும் தண்ணி வரும்," என்று முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள். கடைசி சாணில் நான் மெதுவாக ஓட்ட, அம்மா அசையாமல் தாங்கினாள். துண்டு சத்தமே இல்லாமல் அவள் கைக்குப் போயிற்று. கை, மூக்கு, புருவமெல்லாம் மாவு. நைனா பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கீழே முழங்காலுக்கு மேல் வரை செங்கல், அதன் மேல் தார் பூசிய கட்டை, அதற்கு மேல்தான் பலகை. கோணி வேண்டாம், கதவே போடு என்றாள். பெட்டிக்கட்டையில் போட்டேன். கட்டையில் அச்சடித்திருந்த கப்பல் எழுத்து தலைகீழாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

"தாப்பா உள்பக்கம் வை," என்றாள். "வெளிய வச்சா அதுக்கு இன்னா அர்த்தம்?"

ஜெயவேலுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

17 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணி ஒன்று. பவுனு வந்துவிட்டாள். வந்துவிட்டாள்! உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே வந்து, "கோணலா அறுத்துக்கீறீங்க," என்றாள். சிரித்தாள்.

24 ஆகஸ்ட், வெள்ளி

இன்று எனக்கு மத்தியானம் வரைதான் வேலை. வந்தபோது அம்மா வீடு கழுவி முடித்து, தொப்பலாக நின்றாள். செங்கல் வரைக்கும் தண்ணீர், பலகை காய்ந்தே இருந்தது. அம்மா வழக்கம்போல மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகப் பார்த்தாள். பவுனு வழியில் நின்றுகொண்டு, "அத்தே, உள்ள போய் கட்டிக்கினு வாங்க," என்றாள்.

"எனக்கு இன்னாத்துக்குடி."

"போங்கத்தே."

அம்மா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் கதவருகே போனேன், பவுனு கையை ஆட்டி உட்காரச் சொன்னாள். நைனா கரையிலிருந்து வந்தார். "இருங்க மாமா. அத்தே பொடவ கட்டிக்கினு இருக்காங்க," என்றாள் அவரிடமும். நைனா துடுப்போடு வெளியே நின்றார். எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

கதவு திறந்தது. கொசுவம் பாதம் வரைக்கும் நேராக விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம்.

"இன்னாடா பாக்கற? நைனாக்கு சோறு போடணும், நவுரு," என்றாள்.