தங்கை மகனின் தூங்குமூஞ்சி நாடி

7-2-1966
மெஷின் பெல்ட்டை மாட்டும்போது மருதாசலம் விரலைக் கிழித்துக்கொண்டான். தங்கை மகன் என்று என் பனியன் கம்பெனியில் சேர்த்ததற்கு இதுதான் பலன். கட்டுப்போட வந்த கம்பவுண்டர் நாடியும் பார்த்தார். "அம்பதுகூட இல்லீங்க!" எனக்குத் தொண்ணூறு! இந்த வயதிலேயே இவனுக்குப் பாதி உயிர்தான் ஓடுகிறது. இந்தத் தூங்குமூஞ்சிக்கா என் மகள் அமராவதி?

11-2-1966
தங்கை பழனாத்தாள் பெண் கேட்டு வந்தாள். முறை மாப்பிள்ளையாம், உரிமையாம். பனியன் மெஷினில் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் துணி எங்கே இறங்கும் என்று கேட்டேன்.

"தெனமும் அவிநாசிக்குச் சைக்கிள் மிதிக்கறானுங்கண்ணா. சடுகுடுல அவன் மூச்சுக்கு ஆருங்க ஈடு?" என்று அழுதாள்.

சைக்கிளாம், சடுகுடுவாம். வெட்டிப்பயல் விளையாட்டு. நான் சாய்வு நாற்காலியை விட்டு எழாமலே உடம்பை எப்படி வளர்த்திருக்கிறேன்!

12-2-1966
அமராவதி சாப்பிடவில்லை. கிடக்கட்டும்.

20-2-1966
சொல்லிவிட்டேன்: என்னோடு சிவன்மலை ஏறட்டும், எனக்கு முன்னால் மேலே போனால் பெண் அவனுக்கு. பாதியில் சுருண்டு விழுவான். தங்கை வாயும் அடங்கும்.

27-2-1966
விழுந்தது நான். பாதிப் படியில் நெஞ்சு படபடன்னு — மூச்சே வரலை, கண்ணு இருட்டிப்போச்சு. அந்தப் பயல் அதற்குள் உச்சிக்கே போயிருந்தான். ஓடி இறங்கி வந்து, "மாமா, கழுத்தப் புடிச்சுக்குங்க" என்று முதுகில் சுமந்து இறக்கினான். இந்த உடம்பை! அப்போதும் அவனுக்குப் பெரிதாக மூச்சு வாங்கவில்லை. சீ, எல்லாரும் பார்த்தாங்களே.

1-3-1966
டாக்டர் சொல்கிறார்: "கெணத்துல தண்ணி எறைக்கறப்ப, தண்ணி மொள்ளற சாலு சின்னதுன்னா மாடு ஓடிக்கிட்டே இருக்கோணும். பெரிய சாலுன்னா நாலு இழுப்புல வாய்க்கா நெறஞ்சுரும். உழைச்சுப் பழகுன இதயம் பெரிய சாலுங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் நெறைய ரத்தம் தள்ளுது, அவசரப்பட வேண்டியதில்லை. உங்களுதுதானுங்க கொஞ்சங் கொஞ்சமா எறைச்சுக்கிட்டு ஓடுது. தெனமும் நடங்க."

கிணறும் தோட்டமும் வைத்திருக்கும் எனக்கே தண்ணீர் இறைக்கச் சொல்லித் தருகிறார்! பக்கத்தில் நின்ற அமராவதி சிரித்தாளோ? சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. என்ன செய்வது?

18-9-1966
விடியலிலேயே மாப்பிள்ளை வந்து எழுப்பிவிட்டார். நொய்யல் கரைவரை நடந்தோம். எனக்காக மெல்லத்தான் வந்தார். திரும்பியதும் அமராவதி இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாள். மாப்பிள்ளை என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "எழுபத்தெட்டுக்கு எறங்கிருச்சுங்க மாமா" என்றார்.

எதிர்வீட்டு ஈஸ்வரமூர்த்திக்குத் தொண்ணூற்றைந்தாம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனுக்கெல்லாம் எவன் பெண் கொடுத்தானோ!