ஆடாமல் ஜெயித்த ஆட்டம்

ஞாயிறு, மாசி, 1956

இந்த வருஷம் எங்கள் சடுகுடு அணி ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. அணித் தலைவன் என்கிற ரோஷத்தில், பள்ளிப்பட்டு அணியை ஜெயித்தால் அத்தனை பேரும் மலையில் மொட்டை போட்டுக்கொள்வோம் என்று காலையில் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

பள்ளிப்பட்டு அணி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. காத்திருந்து அலுத்த நடுவர் நாங்களே ஜெயித்ததாக அறிவித்தார். வேண்டுதலைச் சொன்னேன். எல்லாருடைய கையும் தலைக்குப் போயிற்று.

அணியில் ஆடும் என் மச்சினன் முனுசாமிக்குப் புதன்கிழமை கல்யாணம். "ஆடாத ஜெயிச்சதுக்கு எதுக்கு பாவா மொட்டை? பொண்ணு வூட்ல என்னா சொல்வாங்க?" என்று கத்தினான்.

"சாமிகிட்ட சொல்லிட்டனேடா!"

"எங்க முடிய நீங்க எப்டி பாவா வேண்டிக்கலாம்?"

எல்லாரும் நடுவரிடம் ஓடினோம். இந்த வெற்றி வேண்டாம், நாளைக்கு ஆடியே பார்த்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினோம். மனுஷர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பையன்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள். நாளைக்கு எப்படியும் தோற்றுவிடுவோம் என்று அவ்வளவு நம்பிக்கை. எனக்குத்தான் கண் மூடமாட்டேன் என்கிறது. இந்த வருஷம் நாங்கள் நினைத்தது ஒன்றுகூட நடந்ததில்லையே.