கொசு வக்கீல் என் கையைப் பிடித்தார்

என் செல்ல மகளுக்கு,

இங்கே நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், நீயும் அப்படித்தான் இருக்க வேண்டும், சளி விட்டதா என்று முதலில் எழுது. எழுத்து கோணலாகத் துள்ளுகிறதே என்று பயப்படாதே, சில நாளாகவே எனக்குக் கால் தரையில் பாவவில்லை, பிணவறை உதவியாளர்கூட என்ன மேடம், பாட்டு பாடிக்கிட்டே தையல் போடுறீங்க என்று கேட்டுவிட்டார், எனக்கு அசடு வழிந்தது. கொசு வக்கீலை உனக்கு நினைவிருக்கும், என் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றிக் குடைந்தெடுப்பாரே, நான் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் திட்டித் தீர்ப்பேனே, அந்தப் பேரை வைத்ததே நீதான். பாவம், மனைவியை இழந்து வெகுகாலம் ஆகிறது. நாங்கள் பாம்பும் கீரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு அல்லவா, அதற்காகவே காத்திருந்தாராம். என் கடைசி சாட்சி முடிந்ததும் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார், காயத்தைப் பற்றித்தான் மறுபடி கேட்கப்போகிறார் என்று பார்த்தால், மீதிக் காலத்தை நாம சேர்ந்து ஓட்டலாமா டாக்டரம்மா என்று கேட்டுக் கையைப் பிடித்துவிட்டார். பயத்தில் அவர் கை ஜில்லென்று இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம், பிணவறைப் பழக்கதோஷம், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, நகத்தையும் திருப்பிப் பார்த்து, இன்னும் விறைப்பு வரலை என்று சொல்லித் தொலைத்தேன். அப்போ எனக்கு இன்னும் டைம் இருக்கு என்கிறார் மனுஷன். பக்கத்து மேஜைக்காரருக்கு டீ புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்தது, கையை மட்டும் விடவில்லை, கொஞ்ச நேரத்தில் அது சூடாகிவிட்டதடி. ஜில்லென்று என் கைக்கு வந்த எதுவும் இத்தனை வருஷத்தில் அப்படிச் சூடானதில்லை.

ஆனாலும் நான் இன்னும் சரி சொல்லவில்லை. சந்தேக மரணம் என்றால் உள்ளுறுப்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவு நிலுவையில் என்று எழுதிவைப்போமே, அதையே அவரிடம் சொன்னேன், ஆய்வகம் என் மகள், அவள் அறிக்கை வரட்டும் என்று. அப்பா இருந்த வீட்டில் இன்னொருவரா என்று உனக்கு மனசு கசந்தால் ஒளிக்காமல் எழுது கண்ணு, நான் கொஞ்சம் அழுவேன், அவ்வளவுதான், உன்னை விட்டுக்கொடுத்து எனக்கு எதுவும் வேண்டாம். சரி என்றால் பதிவு அலுவலகத்துக்கு நீ வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் இதுவரை போட்ட கையெழுத்தெல்லாம் யாரோ போய்விட்டார் என்பதற்குத்தான். நான் இருக்கிறேன் என்பதற்கு ஒன்று போட ஆசையாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இரு. பதிலை மட்டும் இழுத்தடிக்காதே.

தபால்காரர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா