போயிட்டு வாங்க என்ற போலீஸ்காரி

அன்புள்ள மினோரி,

நானும் நம் பார் கடையும் நலம், அப்பா கடலில் நலமாக இருப்பதாகப் படகிலிருந்து சேதி வந்தது, நீயும் உன் கால்விரல்களும் உறைந்துபோகாமல் நலமா? சப்போரோவில் இடுப்பளவு பனி என்று டிவியில் காட்டினார்கள். இங்கே மகுராசாகியில் ஊரே மாசிக் கருவாட்டுப் புகையில் கிடக்கிறது, உன் பழைய ஸ்வெட்டரை இரண்டு முறை துவைத்தும் வாசனை போகவில்லை, அப்படியே அனுப்புகிறேன். சீருடையில் நீ நிற்கும் போட்டோவை கடை அலமாரியில் பாட்டில்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். படகு எஞ்சின்காரர் சமெஷிமா அதைப் பார்த்து, அம்மா, இனிமே இங்க குடிச்சுட்டுப் பாடவே பயமா இருக்கு, உங்க பொண்ணு முறைக்குது என்கிறார். பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நீ போனில் அழுதது மனதை விட்டுப் போகவே இல்லை. குடிக் கடைகள் நிறைந்த அந்தச் சுசுகினோ தெருவின் போலீஸ் பூத் வேண்டாம், லைசென்ஸ் புதுப்பிக்கும் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு மாசக் கடைசியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். பார்களுக்கு ஆள் பிடிக்கிற பயல்களோடு மல்லுக்கு நின்றபோது வராத அழுகை, ஒரு வார்த்தைக்காக வந்திருக்கிறது. குடித்துவிட்டுப் பனியில் உட்கார்ந்துவிட்ட அந்தத் தாதெனோ என்பவரை இரண்டு போலீஸ்காரர்கள் அதட்டியும் எழுப்ப முடியவில்லை, நீ பக்கத்தில் குந்திப் பேச்சுக் கொடுத்து டாக்சியில் ஏற்றினாய். கதவை மூடும்போது நம் கடைப் பழக்கத்தில் குனிந்து வணங்கி, போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாய். குடிகாரனை விரட்டச் சொன்னா திரும்பி வரச் சொல்லுது பாரு என்று உன் சீனியர் ஹொன்மா சிரித்தாராம். அன்றிலிருந்து உனக்குப் பெயர் பார்க்காரம்மா. வாக்கி டாக்கியில்கூட, பார்க்காரம்மா, ரெண்டாவது சந்துல உங்க கஸ்டமர் ஒருத்தர் படுத்திருக்கார் என்று கூப்பிடுகிறார்களாம். போதாததற்கு மறுநாள் மத்தியானம் தாதெனோவே முகம் மழித்து, பலகாரப் பெட்டியோடு பூத்துக்கு வந்து, வரச் சொன்னீங்களே, வந்துட்டேன் என்று நின்றாராம். அதைக் கேட்டு நான் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டே தனியாகச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் நீ ஒரு வரியில் தாண்டிப்போன ஒன்றை என்னால் தாண்ட முடியவில்லை. மனைவி போன பிறகு யாரும் தன்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்றாராமே. அது வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் வீட்டார் மட்டும் வாசலில் சொல்கிற வார்த்தை, மினோரி. நான் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது வியாபாரத்துக்காக என்பார்கள், பாதி உண்மை. மீதிப் பாதி, நம்மிடம் குடிக்கிறவர்கள் விடிந்தால் படகு ஏறுகிறவர்கள், அவர்களிடம் வெறும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்த எனக்கு மனம் வந்ததில்லை. மாடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே நீ அதைக் கேட்டு வளர்ந்தாய். அந்தக் குளிரில் அவர் போதையில் தெரியாமல் உட்கார்ந்திருக்க மாட்டார், இனி எழுந்திருக்க வேண்டாம் என்றுதான் உட்கார்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உட்கார்ந்தவர் எழுந்து, மறுநாள் சவரம் செய்துகொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருக்கிறது. சமெஷிமாவிடம் சொல்லிவிட்டேன், கோபப்படாதே, அன்று மட்டும் அவர் பாடவில்லை.

கால் வலித்தாலோ அந்தப் பயல்களின் மிரட்டல் அலுத்தாலோ தாராளமாக மாற்றல் கேள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்தப் பெயருக்காக மட்டும் கேட்காதே. இத்தனை வருஷமாக எனக்கும் அதுதானே பெயர். இன்னொரு முறை ஹொன்மா சிரித்தால், காலையில் உங்க வீட்டம்மா வாசல்ல என்ன சொல்லி அனுப்புறாங்க என்று மட்டும் கேட்டுப் பார்.

பூட்சுக்குள் சூட்டுப் பை வைக்க மறக்காதே, ஸ்வெட்டரோடு வைத்திருக்கும் கருவாட்டுச் சீவலைப் பூத்தில் எல்லோருக்கும் கொடு, ஹொன்மாவுக்கும்தான். நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அறை வாசலில் நின்று சொல்ல அங்கே ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது இந்தக் கடைசி வரியைப் படித்துக்கொள்.

போயிட்டு வா, மகளே.

இப்படிக்கு,
மூத்த பார்க்காரம்மா,
யாசுயோ