மஞ்சள் கோடு கலையாத ஆயில் கூலர்

என் ரகு அண்ணாவுக்கு, பாசம் குறையாமலும் கோபம் ஆறாமலும் எழுதுகிறேன்.

உன் சிவப்புக் கார் நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லாவிட்டால் நீ வேறு எதையும் காதில் வாங்க மாட்டாய். அம்மா இருக்கும் சால்ட் லேக் வீட்டுக்குக் கீழே அதே இடத்தில்தான் நிற்கிறது. என் நியூ டவுன் வீட்டிலிருந்து வாரம் இரண்டு தடவை வந்து நான்தான் ஓட்டுகிறேன். டர்போ வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது என்று நீதானே சொல்வாய்? என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்காரவே பயம். நான் மிதிக்கிற மிதியில் கண்ணை மூடிக்கொள்கிறார்.

நீ போன பிறகு வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. முதலில் ஒரு பொட்டு, அப்புறம் ஒரு தோசை அளவுக்கு. சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் கீழே போட்டு வைத்தேன். விஸ்வகர்மா பூஜைக்கு எப்படியும் உன் மெக்கானிக் தபன்-தாவிடம் போகத்தானே வேண்டும், அப்போது காட்டலாம் என்று இருந்துவிட்டேன்.

வருஷா வருஷம் நீ பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து டாலிகஞ்ச் எடுத்துப் போவாயே, இந்த வருஷம் நான் போனேன். தபன்-தா காரேஜ் வாசலுக்கே வந்து சாமந்தி மாலையை வண்டிக்குப் போட்டார். பிறகு குனிந்து அடியில் பார்த்தார்.

"ஆயில் கூலர் ஒழுகுது, தீதி. வண்டி வந்தப்பவே கம்பெனியில போட்டது."

"அதெப்படி? டிசம்பர்லதானே புதுசு மாத்தினீங்க? அண்ணா மூணு நாள் இங்கேயே பழியாக் கிடந்தானே!"

'தீதி' என்று என்னை அக்கா போட்டு அவர் வங்காளத்தில் பேசுவதைத்தான் நம் தமிழில் எழுதுகிறேன். பூஜையன்று ஸ்பேனர்களெல்லாம் குங்குமம் வைத்துச் சாமி காலடியில் கிடக்கும், யாரும் தொடக் கூடாது. "நாளைக்கு வாங்க, கழட்டிப் பார்க்கலாம்" என்று சொல்லி, கையில் ஒரு இலைத் தட்டு கிச்சுடிப் பிரசாதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மட்டமான கூலரைப் போட்டு என் அண்ணனை ஏமாற்றிவிட்டு, இப்போது பழியைக் கம்பெனி மேல் போடுகிறானே! வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா உன் படத்தைப் பார்த்து, "என் பிள்ளை வெள்ளந்தி. கூடப் பிறந்தவன் மாதிரி நம்பினான், பாவிப்பய இப்படிப் பண்ணிட்டானே" என்று புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தபன்-தா என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தே முன் பம்பரைக் கழற்றினார். உள்ளே சின்ன ரேடியேட்டர் மாதிரி இருந்தது கூலர். ஓரமெல்லாம் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தது. துணியால் துடைத்து, போல்ட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு, போல்ட்டிலிருந்து அடியில் இருக்கும் தகடு வரைக்கும் நேராக ஓடியது. தொழிற்சாலையில் முறுக்கி முடித்ததும் போடுகிற அடையாளமாம். யாராவது ஒரு தடவை திருப்பியிருந்தாலும் கோடு விலகியிருக்கும். விலகவே இல்லை, அண்ணா.

"அப்போ அந்த மூணு நாள்?" என்று கேட்டேன்.

தபன்-தா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்த மூணு நாளும் இந்தக் காரேஜ் ஷட்டர் இறங்கித்தான் இருந்தது, தீதி. நானும் உங்க அண்ணனும் ஆஸ்பத்திரியில இருந்தோம்."

உனக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. உடனே ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். துர்கா பூஜை விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். எந்தப் பூஜைக்கு? ஏப்ரலில் ஆபீஸ் லிஃப்டில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லையே, அதற்குப் பிறகு வருகிற பூஜைக்கா?

எனக்கு டிசம்பரில் நாம் பேசிய அந்த போன் பேச்சு முழுக்க ஞாபகம் இருக்கிறது. "எங்கேண்ணா இருக்கே?" என்றேன். "தபன்-தா காரேஜ்ல. ஆயில் கூலர் மாத்தறாங்க. எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருக்கு, விட்டுட்டு வர முடியாது." பின்னால் பீப் பீப்பென்று ஒரு சத்தம். என்ன அது என்று கேட்டதற்கு, கார் ஸ்கேனர் என்றாய். நான் சிரித்தேன். "இந்தக் கார் இருக்கிற வரைக்கும் உனக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்றேன். நீயும் சிரித்தாய். மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு சிரித்திருக்கிறாய். காரில் இருபது நிமிஷத்தில் வந்திருப்பேனே! எனக்கு அந்த இருபது நிமிஷத்தை ஏன் கொடுக்கவில்லை?

இதையேதான் தபன்-தாவிடமும் கேட்டேன், கத்தித்தான் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"தங்கச்சிக்கு ஓட்டை வாய்னு சொன்னார். அவகிட்ட சொன்னா ஒரு மணி நேரத்துல அம்மாவுக்குத் தெரிஞ்சுடும்னார். காளி மேல சத்தியம் வாங்கிட்டார், தீதி. ஆஸ்பத்திரிப் படிவத்துல உறவுன்னு கேட்ட இடத்துல நான்தான் 'தம்பி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

ஓட்டை வாய்தான், ஒப்புக்கொள்கிறேன். நீ ட்யூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்ச் பார்க்கப் போனதை அம்மாவிடம் சொன்னவள் நான்தான். எட்டாம் வகுப்பில் நான் செய்ததற்கு நாற்பத்தேழு வயதில் தண்டனையா? துரோகம் என்ற சொல்லை உனக்குப் பக்கத்தில் வைக்கக் கூசுகிறது. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை.

நீ வாங்கிய புதுக் கூலர் பிரிக்காத பெட்டியில் காரேஜ் அலமாரி மேலேயே இருந்தது. உன்னுடைய ஆபரேஷனும் வண்டியுடைய ஆபரேஷனும் ஒன்றாக நடக்கட்டும் என்றாயாம். அதுவரைக்கும் வாராவாரம் ஆயில் ஊற்றி, அடியைத் துடைத்து எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாய். தபன்-தா பழைய ஆயிலை வடித்து, குழாய் முனைகளில் புது ரப்பர் வளையம் போட்டு, புதுசைப் பொருத்தினார். மஞ்சள் கோடு போட்ட கடைசி போல்ட்டை நான்தான் திருகிக் கழற்றினேன். சுலபமாக வரவில்லை. முழு பலத்தையும் போட்ட பிறகுதான் அசைந்தது.

இப்போது அட்டையில் ஒரு சொட்டு கிடையாது. போன ஞாயிறு அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து விமான நிலையம் வரைக்கும் போய் வந்தேன். வழியில் அம்மா கேட்டாள்: "அந்த மெக்கானிக்கை நல்லா நாலு வார்த்தை கேட்டியா?"

உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். அம்மா காலையில்தான் பிரஷர் மாத்திரை போட்டிருந்தாள்.

"கேட்டேம்மா. தப்பு நடந்துபோச்சுன்னான்."

அவ்வளவுதான், அண்ணா. ஒரே வரியில் நானும் உன் பக்கம் வந்துவிட்டேன். உன் கூட மூன்று நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனை என் வாயாலேயே திருடனாக்கிவிட்டேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் இப்படித்தான் இருந்ததா? அம்மா முகத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டதா?

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வண்டியை விற்கவும் மாட்டேன். நாளைக் காலை தபன்-தாவைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். அம்மா எதிரிலேயே அவரை உட்கார வைத்து, கூலரில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அம்மா அழுவாள், உன்னைத் திட்டுவாள், என்னையும் திட்டுவாள். திட்டட்டும். அழுது முடித்ததும் அவள் கையாலேயே அவருக்குச் சாதம் போடச் சொல்வேன். உன்னிடம் கொடுக்க முடியாத இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன், ஆனால் அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். இது சத்தியம். உன் காளி மேலேயே.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய
உன் ஓட்டை வாய்த் தங்கை,
சித்ரா