பின்னால் கட்டிய குதிரை

அன்புள்ள அம்மாவுக்கு, கத்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம்தான்.

நேற்று ஒரு வேடிக்கை. ஆற்றுத்துறைச் சரிவில் நிலக்கரி வண்டி தண்டவாளத்தில் தானே உருளும். அதனால் உச்சியில் குதிரையை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டிவிட்டு, சக்கரத்தை அழுத்தி வேகத்தைக் குறைக்கும் தடைக்கட்டைமேல் உட்கார்ந்து இறங்குவேன். நேற்று மழையில் தண்டவாளம் வழுக்கியது. நான் அழுத்த அழுத்தக் கட்டை புகைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. குதிரையின் கயிற்றை அறுத்துவிட்டுக் குதித்தேன். வண்டி ஆற்றுக்குள் போய்விட்டது.

மேஸ்திரி ராப்சன் ஓடிவந்து குதிரையைத் தடவிக்கொடுத்தார். "பாவம், எப்படி நடுங்குது பாரு! ரெண்டு நாள் லாயத்துலயே இருக்கட்டும்."

"அப்ப நான்?"

"உனக்கென்னடா? காலையில வேற குதிரை தர்றேன்."

தடித்த காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள் அம்மா. என் கால்களும் நடுங்குகின்றன, குளிர்தான். வாசலில் புதுக் குதிரை வந்து நிற்கிறது. மழை இன்னும் விடவில்லை.

உங்கள் கத்பர்ட்