குளிரில் நிறுத்திய வண்டி

ஜனவரி 10, காலை 8.10
இடம்: லடாக் மேட்டுநிலம், கணவாய்க்குத் தெற்கே சாலையோரச் சோதனை முகாம்.
வெளியே மைனஸ் 24. காற்று லேசு.
பதிபவர்: சகாயமேரி, பேட்டரிப் பிரிவு, மிளிர் நிறுவனம், ஓசூர்.

இரண்டாம் முன்மாதிரி வண்டி ராத்திரி முழுக்கத் திறந்தவெளியில் நின்றது. காலையில் பொத்தானை அழுத்தியதும் தயங்காமல் உயிர் பெற்றது. சிறிது நேரத்தில் உள்ளே ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குச் சூடு. பேட்டரி இருப்பு 78 சதவீதம். குறை ஒன்று: பின்கதவுக் கைப்பிடி பனியில் ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றித் திறந்தோம்.

பிறகு படிப்பவர்களுக்காக: மிளிர், போனும் காதுக்கருவியும் வீட்டு ஸ்பீக்கரும் செய்கிற நிறுவனம். நான்கு வருடமாக ஒரு மின்சாரக் காரைச் செய்து பார்க்கிறது. தொடர்வதா, விட்டுவிடுவதா என்று இயக்குநர் குழு 13ஆம் தேதி முடிவெடுக்கும். இந்தக் குளிர்ச் சோதனையின் முடிவு அதற்கு முன் அவர்கள் மேசைக்குப் போக வேண்டும்.

இங்கே மூன்று பேர். நான், டெக்னீஷியன் தீர்த்தகிரி, உள்ளூர் ஓட்டுநர் ஸ்டான்சின். துணைக்கு ஸ்டான்சினின் டீசல் ஜீப்.

ஜனவரி 11, மதியம் 1.30
மைனஸ் 19. மேகம்.

தீர்த்தகிரிக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி. உதடு நீலம். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டான்சின் அவரை ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். நாளை திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் தங்கினேன். வண்டி அசையாமல் குளிரில் நின்றால்தான் சோதனை செல்லும். இப்போது எடுத்துக்கொண்டு இறங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 13ஆம் தேதிக்குள் முடியாது.

ஜீப் வளைவு திரும்பிய பிறகு வாக்கிடாக்கியில் தீர்த்தகிரி:

“மேடம், நீங்களும் வந்துருங்க. வண்டி எங்கியும் போவாது.”

அவருக்குப் பேசவே மூச்சு வாங்கியது. போய்ப் படுக்கச் சொன்னேன்.

ஜனவரி 12, காலை 9.00
மைனஸ் 22. பனி கொட்டுகிறது.

கூடாரத்தின் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சாமான்களை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் வந்துவிட்டேன். காஸ் அடுப்பு இந்தக் குளிரில் எரியவில்லை. வண்டியின் பிளக்கில் கெட்டிலை மாட்டி நூடுல்ஸ் செய்தேன்.

வண்டியின் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக ஓசூர் கட்டுப்பாட்டு அறையுடன் பேச்சு. அங்கே முனவ்வர் இருக்கிறான். வாணியம்பாடிப் பையன், மூன்று வருடமாக என்னோடு வேலை செய்கிறான்.

“மேரிக்கா, ஸ்டான்சின் போன் பண்ணாரு. கணவாய்ல பனி சரிஞ்சு ரோடு மூடிருச்சாம். உங்களுக்குத் தெக்குப் பக்க ரோடும் அப்படித்தான். ஹெலிகாப்டரும் இந்த வானத்துல வராது. பனி நின்னா ரோட்டுக்காரங்க மெஷின் கொண்டு வந்து தள்ளுவாங்களாம். தீர்த்தகிரி நல்லாருக்காரு, ஆக்சிஜன் போட்டிருக்காங்க. உங்களுக்கு அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

இல்லை என்று பதில் அனுப்பினேன். உண்மை அதுதான். ஹீட்டரைக் குறைத்து வைத்தால் இந்தப் பேட்டரி ஒரு வாரம் தாங்கும். நான் லாரிக் கம்பெனியில் பத்து வருடம் இருந்தவள். அங்கே இருந்த எந்த வண்டியையும் நம்பி இப்படிப் படுத்திருக்க மாட்டேன்.

மிளிருக்கு வந்த புதிதில் ஒரு கேள்வி கேட்டேன். போன் செய்கிறவர்கள் ஏன் கார் செய்ய வேண்டும்? எங்கள் பிரிவுத் தலைவர் ராகவேந்தர், போன் பிரிவில் வளர்ந்தவர், பேட்டரியை நம்மை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் என்று திருப்பிக் கேட்டார். அப்போது அது சரியான பதிலாகப் பட்டது. இப்போதும் பேட்டரியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஜனவரி 13, காலை 7.30
மைனஸ் 27. பனி நிற்கவில்லை.

சோதனை முடிந்தது. எல்லா அளவுகளும் எல்லைக்குள். அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

“வந்துச்சுக்கா. எல்லாம் பச்சை. கைதட்டினோம். நானும் ஏசி ரிப்பேர் பண்ண வந்தவரும்தான் இருந்தோம். நாளைக்கு போகி, பாதிப் பேரு ஊருக்குக் கிளம்பிட்டாங்க.”

ஜனவரி 13, மாலை 4.45

“மேரிக்கா, மீட்டிங் முடிஞ்சுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ராகவேந்தர் சார் ரொம்ப நேரம் பேசினாராம். நம்ம பொருள் இல்லாத வீடே இல்ல, அந்த வீட்டு வாசல்ல நம்ம வண்டி ஏன் நிக்கக் கூடாதுன்னு கேட்டாராம். போன் ஆளுங்க சொன்னது ஒண்ணுதான். போன் கெட்டா மாத்திக் குடுத்துட்டுப் போயிரலாம், கார் கெட்டா கோர்ட்டுக்குப் போகணும். சேர்மன் கண்ணாடியத் துடைச்சிட்டே இருந்தாராம். அப்புறம் நிறுத்திரலாம்னுட்டாராம்.”

சற்று நேரம் கழித்து ராகவேந்தரின் குரல்செய்தி:

“மேரி, உங்க ரிசல்ட்ல ஒரு குறையும் இல்ல. அதனால யாரும் நிறுத்தல. லீவு முடிஞ்சு வாங்க, போன் பேட்டரி டீம்ல இடம் வச்சிருக்கேன். ரோடு திறந்ததும் வண்டிய லாரில ஏத்தி அனுப்பிருங்க.”

இரண்டு முறை கேட்டேன். மிச்சமிருந்த நூடுல்ஸைச் சாப்பிட்டேன். ஆறியிருந்தது. சூடாக்க நினைத்து, பிறகு நினைத்ததை மறந்துவிட்டேன்.

ஜனவரி 14, காலை 7.40
வெளியே மைனஸ் 26.

வண்டி தானாகப் பேசியது. எங்கள் ஸ்பீக்கரில் வரும் அதே பெண் குரல். என் வீட்டுச் சமையலறையில் குக்கருக்கு நேரம் சொல்கிற குரல்.

“வணக்கம். இந்தச் சாதனத்தின் கணக்கு மூடப்பட்டுள்ளது. பேட்டரியின் ஆயுளைப் பாதுகாக்க, சாதனம் சேமிப்பு நிலைக்குச் செல்கிறது. மிளிரைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.”

ஹீட்டர் நின்றது. கெட்டில் நின்றது. பெரிய பேட்டரி உள்ளுக்குள் துண்டித்துக்கொண்ட சத்தம் இருக்கைக்கு அடியில் கேட்டது.

காரணம் எனக்குத் தெரியும். திட்டம் நிறுத்தப்பட்டதால் அதன் சர்வர்களையும் மூடியிருக்கிறார்கள். வண்டி அந்தச் சர்வரிடம் அடிக்கடி அனுமதி கேட்கும். பதில் வராவிட்டால், திருட்டுப் போன போன் தன்னைப் பூட்டிக்கொள்வதுபோலப் பூட்டிக்கொள்ளும். போனுக்காக எழுதியதை அப்படியே காரில் போட்டிருந்தோம். விற்பனைக்கு வருமுன் மாற்றுவதாக இருந்தோம்.

இருப்பு 61 சதவீதம்.

வண்டியின் இணைப்பும் போய்விட்டது. என் போனிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி மட்டும் போகும். முனவ்வருக்கு அனுப்பினேன். இனி இந்தப் பதிவு காகிதத்தில், பென்சிலில்.

காலை 10.15
உள்ளே மைனஸ் 6.

“பாத்துட்டேன்க்கா. யாரும் வேணும்னு பண்ணல. முடிஞ்ச திட்டத்துக்கெல்லாம் காலைல தானா மூடுற மாதிரி வச்சிருக்காங்க. திறக்கறதுக்கு சர்வர் பிரிவுத் தலைவர் காளிதாஸ் சார் கையெழுத்து வேணும். அவரு காரைக்குடிக்கு பஸ்ல போயிட்டு இருக்காரு. போன் எடுக்கல. ராகவேந்தர் சாருக்கும் போட்டுட்டே இருக்கேன். நீங்க போர்வைக்குள்ள இருங்க. கைய அசைச்சிட்டே இருங்க.”

பிறகு இன்னொன்று:

“வீட்டுக்குச் சொல்லட்டுமாக்கா?”

வேண்டாம் என்றேன். என் கணவர் அந்தோணி தூத்துக்குடியில் இருந்துகொண்டு என்ன செய்வார். பண்டிகைக்கு நான் வராததே அவருக்குக் கோபம்.

மதியம் 1.00
உள்ளே மைனஸ் 13.

பின் இருக்கையை எடுத்துவிட்டேன். பேட்டரிப் பெட்டியைத் திறந்துவிட்டால் நேராக வயர் இழுத்து ஹீட்டருக்குக் கொடுக்கலாம். லாரியாக இருந்தால் போல்ட் இருக்கும். இதில் போல்ட் இல்லை. போனைப் போல மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறோம். எடையும் குறைவு, பார்க்கவும் அழகு. அந்த வரைபடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கத்தியால் சுரண்டினேன். பசை கண்ணாடி மாதிரி இறுகியிருக்கிறது. கத்தி முனை உடைந்தது. விரல் வெட்டியது. ரத்தம் வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வலிக்கவில்லை.

மதியம் 3.20
உள்ளே மைனஸ் 17. வெளியே காற்று கூடுகிறது.

ஒரு விரற்கடை அளவு பிரிந்திருக்கிறது. இந்த வேகத்தில் முடியாது.

பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தேன். இத்தனை மின்சாரம் ஒரு தகட்டுக்குக் கீழே இருக்கிறது. தகடு ஐஸ் மாதிரி இருக்கிறது.

இடது பாதம் காலையிலிருந்தே இல்லை. வலது பாதத்தில் ஓரத்தில் மட்டும் உணர்வு.

“மேரிக்கா, ராகவேந்தர் சார் பேசிட்டாரு. அவரால திறக்க முடியாது, ஆனா சேர்மன்கிட்ட சொல்றேன்னு சொல்லியிருக்காரு. காளிதாஸ் சார் பஸ்ஸு எங்கயோ சிக்னல் இல்லாத இடத்துல இருக்கு. எப்படியும் நாளைக்குக் காலைல ஆயிரும். ரோட்டுக்காரங்களும் காலைல ஆரம்பிச்சுருவாங்களாம். ராத்திரி மட்டும் சமாளிச்சுருங்க. ப்ளீஸ்க்கா.”

சரி என்று அனுப்பினேன்.

மாலை 4.30

ராத்திரி மைனஸ் 30 ஆகும். கையில் இருப்பது ஒரு தூக்கப்பை, இரண்டு போர்வை. விடியும்வரை தாங்காது. இதில் பயமோ வருத்தமோ இல்லை. சோதனை முடிவை எழுதுவதுபோல எழுதுகிறேன்.

இந்தப் பேட்டரியிலிருந்து சூட்டை எடுக்க இன்னொரு வழி இருக்கிறது. அதைத் தடுப்பதற்குத்தான் நான்கு வருடம் சம்பளம் வாங்கினேன். உள்ளே இருக்கும் செல்களைக் குத்திக் கிழித்தால் ஒன்று பற்றும். ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பது பற்றும். இடையில் தடுப்புத் தகடு வைத்திருக்கிறோம். தகடு நல்ல தகடு. பல இடங்களில் குத்த வேண்டியிருக்கும்.

சாலைக்கு அந்தப் பக்கம் ரோட்டுக்காரர்கள் அடுக்கிய கல்சுவர் ஒன்று அரைவட்டமாக இருக்கிறது. காற்று அதற்குப் பின்னாலிருந்து வண்டியை நோக்கி அடிக்கிறது. புகை என்மேல் வராது. அந்தப் புகை நச்சு. இங்கே வந்து இந்தப் பதிவைக் கண்டெடுப்பவர்கள் வண்டியின் மிச்சத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். அணைந்தபிறகும் திரும்பப் பற்றும்.

தூக்கப்பை, போர்வை, வண்டியின் மிதியடிகள், தண்ணீர், இந்தப் பதிவு எல்லாவற்றையும் சுவருக்குக் கொண்டுபோய்விட்டேன். நான்கு தடவை நடை. கடைசித் தடவை விழுந்து தவழ்ந்தேன்.

முனவ்வரிடம் சொல்லவில்லை. சொன்னால் யாரையாவது கேட்பான். கேட்டால் யாராவது வேண்டாம் என்பார்கள்.

மாலை 5.25

முடிந்தது. ஜாக்கிக் கம்பியைப் பசை பிரிந்த இடத்தில் நுழைத்துக் கல்லால் அடித்தேன். முதல் அடியில் ஒன்றுமில்லை. பிறகு எத்தனை அடித்தேன் என்று தெரியாது. குக்கர் விசில் போல ஒரு சீறல். இனிப்பான ஒரு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வெளியே உருண்டேன்.

சுவருக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது புகை மட்டும். தடுப்புத் தகடு வேலை செய்கிறதோ என்று நினைத்தேன். பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.

நன்றாக எரிகிறது. பனி விழ விழ உருகிச் சாலை கறுப்பாகத் தெரிகிறது. முகத்தில் சூடு படுகிறது. என் பின்னால் இருக்கும் கல்லும் சூடாகத் தொடங்கியிருக்கிறது. கைகள் வலிக்க ஆரம்பித்துவிட்டன. நல்லது.

மாலை 5.50

அக்குளில் வைத்திருந்த போன் அதிர்ந்தது.

“மேரிக்கா, திறந்தாச்சு. காளிதாஸ் சார் பஸ்ஸ நிறுத்தி இறங்கி, ரோட்டோர டீக்கடையில உக்காந்து பண்ணிக் குடுத்தாரு. சர்வர் வந்துருச்சு. வண்டி தானா எந்திரிச்சிருக்கும் பாருங்க. ஹீட்டர் வருதாக்கா?”

படித்தேன். வண்டியைப் பார்த்தேன். மறுபடி படித்தேன்.

கட்டைவிரல் திரையில் பதியவில்லை. மூக்கு நுனியால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

சூடு வருது.

உடனே பதில்:

“அல்ஹம்துலில்லாஹ். எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனி காலைல வரைக்கும் கவலையில்ல, தூங்குங்க. ராகவேந்தர் சார் பக்கத்துல இருக்காரு. உங்க ரிசல்ட்ட வேற ஒரு கம்பெனி பாத்துட்டு, திட்டத்தையே வாங்கிக்கிறோம்னு சொன்னாங்களாம். சேர்மன் திரும்ப மீட்டிங் வைக்கிறாரு. வண்டி நல்லாருக்குல்லன்னு கேக்கச் சொன்னாரு.”

நேரம் பார்க்கவில்லை

போன் அணைந்துவிட்டது. பதில் போகவில்லை.

கூரை உள்ளே விழுந்தது. பின்பக்கம் முடிந்துவிட்டது. முன்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம். அது எவ்வளவு நேரம் வரும் என்று என்னால் கணக்குப் போட முடியும். போடவில்லை.

இருட்டுகிறது. சாலையில் பனி மறுபடி

கை வலிப்பது நின்றுவிட்டது. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு இதை

கல் இன்னும் சூடு. முதுகு மட்டும் இருக்கிறது